கடலோர மாநகரங்கள் – 9: உப்புநீருக்கும் நன்னீருக்கும் நடுவே

சென்ற இதழில் அலெக்சாண்டரைத் தீரு நகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே விட்டிருந்தோம். கரையைவிட்டு விலகி நின்ற அந்தத் தீவைப் பிடிக்கக் கடலையே தூர்த்துப் பாதை போட்டார் அவர். ஏழு மாதம் நடந்த முற்றுகை அது. அந்தப் பாதையின் இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து, தீவாக இருந்த தீரு இன்று நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்திலும் ஒரு தீவு நிலத்தோடு ஒட்டப்போகிறது.

தீரு விழுந்த அதே ஆண்டின் இறுதியில், கி.மு. 332இல், அலெக்சாண்டர் எகிப்துக்குள் நுழைந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நைல் கழிமுகத்துக்கு மேற்கே ஒரு மீனவர் ஊருக்கு வந்து சேர்ந்தார். ராகோத்திஸ் என்று அதற்குப் பெயர். எதிரே கடலில் பாரோஸ் என்றொரு சிறு தீவு. ஹோமரின் ஒடிசியிலேயே பேர் வந்துவிட்ட தீவு அது. தன் பெயரில் ஒரு நகரம் எழ இதுவே இடம் என்று முடிவு செய்தார். நகரத்தின் எல்லையைத் தரையில் குறிக்கச் சுண்ணாம்புப்பொடி போதவில்லையாம். வேலையாட்களின் உணவுக்கு வைத்திருந்த வாற்கோதுமை மாவை எடுத்துக் கோலம் இழுப்பதுபோல் இழுத்தார்கள். உடனே ஏரிப்பக்கமிருந்து பறவைகள் கூட்டமாக இறங்கி மாவு முழுவதையும் தின்று தீர்த்தன. அலெக்சாண்டர் கலங்கிப்போனார். ஊரூராய் வருகிற மக்களுக்கெல்லாம் சோறு போடப்போகிற நகரம் இது என்று நிமித்திகர்கள் பொருள் சொன்னபிறகே அவருக்கு மனம் ஆறியது. புளூடார்க் சொல்லும் கதை இது. பறவைகள் வந்த திசையைப் பாருங்கள்: ஏரி. அலெக்சாண்டிரியா என்றதும் எல்லாரும் கடலைத்தான் பேசுவார்கள். அதன் உயிர் எப்போதும் முதுகுப்பக்கத்து நீரில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

நிலத்தை முதலில் பார்த்துவிடலாம். நைல் பல கிளைகளாகப் பிரிந்து மத்தியதரைக் கடலில் விழுகிறது. அது அள்ளிவரும் வண்டலைக் கரையோர நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்காகத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் நைல் முகங்களிலும் அவற்றுக்குக் கிழக்கேயும் எந்தத் துறைமுகம் கட்டினாலும் சேறு மூடும். அக்காலத்தில் மேற்குக் கோடியில் ஓடிய கிளைக்குக் கானோப்பஸ் கிளை என்று பெயர். அதற்கும் மேற்கே தள்ளி இடம்பிடித்தால் வண்டல் தொல்லை இல்லை, நைலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அலெக்சாண்டிரியா அமைந்தது அங்கேதான். கடலுக்கு இணையாக நீளும் ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டின்மேல் நகரம். முன்னால் அலையைத் தடுக்கப் பாரோஸ் தீவு. பின்னால் மரேயோட்டிஸ் என்கிற பெரிய நன்னீர் ஏரி. அரபியில் இன்று மரியூத்.

நகரம் நின்ற மேட்டில் இல்லாதது ஒன்றுதான், குடிநீர். ஆண்டு முழுவதும் சேர்த்து 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இங்கே மழை பெய்யும். எகிப்தின் பெருநகரங்களில் இதுவே அதிகம் என்றாலும், ஒரு மாநகரத்தின் தாகத்துக்கு அது எந்த மூலைக்கு? எனவே கானோப்பஸ் கிளையில் ஸ்கேதியா என்னும் இடத்திலிருந்து ஒரு கால்வாய் வெட்டி நைல் நீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். நகரத்தின் அடியில் பாறையைக் குடைந்து நிலவறைத் தொட்டிகள் அமைத்தார்கள். கோடையின் பிற்பகுதியில் நைல் பெருகும்போது கால்வாய் நிரம்பும், தொட்டிகளும் நிரம்பும். அடுத்த பெருக்குவரை அந்த நீர்தான் நகரத்துக்கு. வீடுகளுக்குக் கீழே இன்னொரு நகரம் தண்ணீருக்காகவே இருந்தது.

தெருக்களை வகுத்ததில் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கோடை முழுதும் வடமேற்கிலிருந்து விடாமல் வீசும் கடற்காற்று தெருக்களுக்குள் புகுந்து நகரத்தைக் குளிர்விக்கும்படி அவற்றின் போக்கு அமைந்தது என்று தியோடோரஸ் எழுதுகிறார். ஏறத்தாழ கி.மு. 25இல் இங்கே வந்து தங்கிய புவியியல் அறிஞர் ஸ்டிராபோ இன்னொரு காரணமும் சொல்கிறார். மற்ற ஏரிக்கரை ஊர்களில் கோடையில் ஏரி வற்றிச் சேற்றிலிருந்து நாற்றமும் நோயும் கிளம்பும். இங்கேயோ கோடையில்தான் நைல் பெருகி ஏரி நிறைகிறது, அதனால் சேறு வெளியே தெரிவதில்லை என்கிறார். கடல்வழியாக வந்த சரக்கைவிட ஏரித்துறையில் வந்திறங்கிய சரக்கு அதிகம் என்பதும் அவர் தரும் செய்திதான்.

அலெக்சாண்டர் இந்த நகரத்தில் ஒரு கட்டடம்கூட எழக் காணவில்லை. அவருடைய தளபதி தாலமியும் அவர் வழிவந்தவர்களும்தான் கட்டினார்கள். பாரோஸ் தீவுக்கும் கரைக்கும் இடையே ஏழு ஸ்டேடியா, அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், நீளத்தில் ஓர் அணைப்பாதை போட்டார்கள். அது கடலை இரண்டாகப் பிரித்துக் கிழக்கே ஒரு துறைமுகமும் மேற்கே ஒரு துறைமுகமும் தந்தது. மேற்குத் துறைக்கு 'நலமாகத் திரும்புதல்' என்று பொருள்படும் யூனோஸ்டோஸ் என்று பெயர். தீவின் கிழக்கு முனையில் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலங்கரை விளக்கம் எழுந்தது. நூறு மீட்டர் உயரத்தைத் தொட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். சமதரைக் கடற்கரையில் மாலுமிக்கு அடையாளம் காட்ட ஒரு குன்றுகூட இல்லை. அந்தக் குறையை மனிதர் கையால் தீர்த்தார்கள்.

நூலகத்தைப் பற்றிப் பலரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்றைமட்டும் தொட்டுச் செல்கிறேன். நூலகத் தலைவராக இருந்த எரடோஸ்தனீஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர். கோடைத் திருப்பத்து நாளில் தெற்கே சையீனில், இன்றைய அஸ்வானில், நண்பகல் வெயில் கிணற்றின் அடிவரை விழுகிறது. அதே வேளையில் அலெக்சாண்டிரியாவில் நிழல் சாய்கிறது. சாய்வின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் தூரம் 5,000 ஸ்டேடியா என்றால், பூமியின் சுற்று 2,50,000 ஸ்டேடியா. ஒரு கோலும் ஒரு நிழலும் போதுமாயிருந்தன. இந்தக் கணக்கைக்கூட நைல்தான் தாங்கி நிற்கிறது என்று எனக்குப் படும். ஆற்றோரமாக நிலத்தை ஆண்டுதோறும் அளந்து வரிபோட்ட நாட்டில்தான் 5,000 ஸ்டேடியா என்று ஒரு தூரத்தைத் துணிந்து சொல்ல முடியும்.

இப்போது தண்ணீர்ச் சண்டைக்கு வருவோம்.

கி.மு. 48இன் இலையுதிர் காலம். பாம்பேயைத் துரத்திக்கொண்டு சிறு படையோடு வந்த ஜூலியஸ் சீசர், கிளியோபாட்ராவுக்கும் அவள் தம்பிக்கும் இடையிலான அரசுரிமைப் பூசலில் தலையிட்டு, அரண்மனைப் பகுதியில் மாட்டிக்கொண்டார். வெளியே நகரமே ஆயுதமேந்தி நின்றது. எதிர்ப்படையை நடத்தியவர் கானிமீடிஸ், கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோவின் ஆசானாக இருந்த அலி. வாளைவிடக் கூரான ஆயுதம் தன் காலடியில் ஓடுகிறது என்று கண்டுகொண்டவர் அவர்தான். தன் கையிலிருந்த பகுதியின் நிலவறைக் கால்வாய்களை முதலில் அடைத்தார். பிறகு சக்கரங்களும் ஏற்றங்களும் வைத்துக் கடல்நீரை மேலே இறைத்து, சீசர் இருந்த பக்கத்துக் கால்வாய்களில் விடாமல் கொட்டச் செய்தார். முதலில் பக்கத்து வீடுகளில் தண்ணீர் சற்றே கரித்தது. கீழ்ப்புறத்து வீடுகளில் பழைய ருசியே இருந்ததால், இதெப்படி என்று வீரர்கள் தொட்டிக்குத் தொட்டி மொண்டு ருசிபார்த்து ஒப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது, கீழ்ப்புறத்திலும் உப்பு ஏறத் தொடங்கியது. படைக்குள் பீதி பரவியது. கப்பலேறி ஓடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

கடற்கரை என்று இருந்தால் அங்கே நன்னீர் ஊற்று இருந்தே தீரும், தோண்டுங்கள் என்றார் சீசர். இரவு முழுதும் எல்லா வேலையையும் போட்டுவிட்டுத் தோண்டினார்கள். விடிவதற்குள் நல்ல தண்ணீர் ஏராளமாகக் கிடைத்துவிட்டது. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. மணலில் இறங்கிய மழைநீர், கனத்த உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கும். ஆழமாகத் தோண்டாமல் அளவாகத் தோண்டினால் அது கிடைக்கும். உலக வரலாற்றின் போக்கு அன்றிரவு அந்த மெல்லிய படலத்தின்மேல் நின்றது.

இந்தச் சண்டையை விவரிக்கும் பழைய போர்க் குறிப்பில் என்னை உறுத்தும் வரி வேறு. தொட்டிகளில் வண்டல் அடங்கித் தெளிந்த நீர் வீட்டுக்காரர்களுக்கு. ஏழைகளோ கலங்கல் நீரை அப்படியே குடித்து நோயில் விழுந்தார்கள், நகரம் முழுவதிலும் பொது ஊற்று ஒன்றுகூட இல்லை என்று போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறது. வெண்பளிங்குத் தெருக்களும் நூலகமும் இருந்த ஊரின் கதையில் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கிளியோபாட்ராவுக்குப் பின் நகரம் ரோமின் கைக்குப் போனது. இங்கேதான் நம்முடைய பெயரும் இக்கதையில் வருகிறது. செங்கடல் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போகின்றன என்று ஸ்டிராபோ கேட்டறிந்து எழுதினார். அவை திரும்பி வந்தபின் என்ன நடந்தது என்பதை வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்று சொல்கிறது. 1985இல் பதிப்பிக்கப்பட்டது அது. முசிறி போய்வரும் பயணத்துக்காக வணிகர் ஒருவர் வாங்கிய கடனுக்கான ஒப்பந்தம் ஒரு பக்கம். செங்கடல் துறையில் இறங்கும் சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, காவலோடு பாலைவனம் கடத்தி, நைல்கரையில் கோப்டோஸ் ஊரிலுள்ள அரசுக் கிடங்கில் கடன் கொடுத்தவர் முத்திரையோடு வைப்பேன். அங்கிருந்து படகில் அலெக்சாண்டிரியா சேர்ப்பேன். அங்கே நாலில் ஒரு பங்கு வரிக்கான கிடங்கில் வைப்பேன். இப்படிப் போகிறது உறுதிமொழி. மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டி, யானைத் தந்தம் என்று நீளும். ஒரே கப்பலின் சரக்கு ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் பெறுமதி.

முசிறியில் ஏறிய சரக்கு அலெக்சாண்டிரியாவை நைல் வழியாக, முதுகுப்பக்கமாக, ஏரியும் கால்வாயும் கடந்துதான் அடைந்தது. செங்கடல் துறையான பெரனீகேயில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்திருக்கிறது. இன்னொரு துறையான குஸைர் அல்-கதீமில் கண்ணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பானையோடுகளில் இருக்கின்றன. பெயர் பொறித்த அந்தக் கண்ணனும் சாதனும் நைலைப் பார்த்தார்களா, படகேறி வடக்கே போனார்களா? மனம் கேட்கத்தான் செய்கிறது. கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் வாழ்ந்த பேச்சாளர் டியோ கிறிசோஸ்டம் அலெக்சாண்டிரிய மக்களைப் பார்த்துப் பேசிய உரையில், கூட்டத்தில் இந்தியர் சிலரையும் காண்பதாகச் சொல்கிறார்.

கடல் தன் முகத்தைக் காட்டியது 365ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று. கிரீட் தீவருகே பெரும் நிலநடுக்கம். முதலில் கடல் உள்வாங்கியது. கப்பல்கள் தரைதட்டின. மக்கள் இறங்கி மீன் பொறுக்கினார்கள். பிறகு நீர் சுவராகத் திரும்பி வந்தது. கப்பல்கள் வீட்டுக் கூரைகள்மேல் போய் உட்கார்ந்தன என்று அம்மியானஸ் மார்செலினஸ் எழுதுகிறார். அந்த நாளை இந்நகரத்தார் இருநூறு ஆண்டுக்கு மேல் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து விளக்கேற்றி வந்தார்கள். நூற்றாண்டுகளாக வந்த நிலநடுக்கங்களிலும் நிலம் தாழ்ந்ததிலும் அரண்மனைப் பகுதி முழுவதும் கடலுக்குள் இறங்கிவிட்டது. 1990களில்தான் முக்குளிப்போர் அதன் தளக்கற்களையும் சிலைகளையும் கண்டெடுத்தார்கள். கலங்கரை விளக்கத்தை 1303ஆம் ஆண்டு நிலநடுக்கம் பெரிதும் சிதைத்தது. 1326இல் வந்த இப்னு பதூதா அதன் ஒரு பக்கம் இடிந்திருக்கக் கண்டார். 1349இல் திரும்பி வந்தபோது வாசலுக்குள்கூடப் போக முடியவில்லை. அந்த இடத்தில் 1477இல் சுல்தான் காயித்பே கோட்டை கட்டினார். அது இன்றும் நிற்கிறது.

ஆனால் நகரத்தைக் குறுக்கியது நிலநடுக்கமன்று. கானோப்பஸ் கிளை தூர்ந்துபோனதுதான். 641–642இல் அரபுப் படை நகரத்தைக் கைப்பற்றியபின் தலைநகரம் உள்நாட்டில் ஃபுஸ்தாத்துக்குப் போனது. வணிகம் மட்டும் தொடர்ந்தது. மிளகு வாங்க வெனிஸ்காரர்கள் வந்து விடுதிகட்டித் தங்கினார்கள். இரவிலும் வெள்ளித் தொழுகை வேளையிலும் அந்த விடுதிகளின் கதவுகளை வெளியிலிருந்து பூட்டுவது வழக்கம். கால்வாயோ பெருக்குக் காலத்தில் மட்டும் ஓடுவது, பிறகு அதுவும் இல்லை என்று இளைத்துக்கொண்டே வந்தது. மம்லூக் சுல்தான்கள் திரும்பத் திரும்பத் தூர்வாரினார்கள். வாரியவர் போனதும் மறுபடி மண் மூடியது. ஏரி வற்றியது. கரையில் ரோமக் கவிகள் புகழ்ந்த திராட்சைத் தோட்டங்கள் மறைந்தன. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோடு சேர்ந்ததும் மிளகும் வேறு பாதை பார்த்தது. ஆட்டோமன் ஆட்சியில் நைல் முகத்தில் இருந்த ரஷீத் தலையெடுத்தது. மிஞ்சிய அலெக்சாண்டிரியர்கள் பழைய நகரத்தைக் கைவிட்டுப் புதிய மண்ணுக்குக் குடிபோனார்கள். தாலமிகள் போட்ட அணைப்பாதையின் இருபுறமும் கடல் கொண்டுவந்து சேர்த்த மணல் அது. பாரோஸ் தீவு நிலத்தோடு ஒட்டிவிட்டது, தீருவைப் போலவே. 1798 ஜூலையில் நெப்போலியன் வந்திறங்கியபோது இங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர்.

வற்றிக் கிடந்த ஏரிக்கு 1801இல் நேர்ந்தது கொடுமையிலும் கொடுமை. நகருக்குள் இருந்த பிரெஞ்சுப் படையைத் துண்டிக்க, ஏப்ரல் மாதத்தில் ஆங்கிலேயர் அபூகீர் பக்கத்துக் கரையை வெட்டிக் கடலை உள்ளே விட்டார்கள். ஏரிப் படுகையில் குடியேறியிருந்த சிற்றூர்களும் வயல்களும் உப்பில் மூழ்கின. பிரெஞ்சுக்காரர்கள் ஆகஸ்டு இறுதியில் சரணடைந்தார்கள். உப்பு மட்டும் போகவில்லை.

நகரத்தை மீட்டதும் ஒரு கால்வாய்தான். முகம்மது அலி பாஷா 1817இல் தொடங்கி 1820க்குள் நைலின் ரஷீத் கிளையிலிருந்து 75 கிலோமீட்டருக்கு மேல் வெட்டச் செய்தார். ஊரூராகக் குடியானவர்களைக் கயிறுகட்டாத குறையாக இழுத்துவந்தார்கள். போதிய மண்வெட்டி இல்லை, கையால் மண்ணை அள்ளினார்கள். தண்ணீர் கொண்டுவர வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆயிரக்கணக்கில் செத்துக் கரையிலேயே புதைந்தார்கள். கால்வாய்க்கு வைத்த பெயர் சுல்தான் மஹ்மூதின் பெயர்: மஹ்மூதியா. நன்னீர் வந்தது, பருத்திப் படகுகள் வந்தன, 1840களின் முடிவில் நகரத்தில் ஒரு லட்சம் பேர். கால்வாய் மேற்குத் துறைமுகத்தைச் சேரும் மினா அல்-பஸல், பெயரளவில் வெங்காயத்துறை, உலகின் பெரிய பருத்திச் சந்தைகளுள் ஒன்றானது. கிரேக்கர், இத்தாலியர், சிரியர், யூதர் என்று எல்லாரும் குடியேறினார்கள். 1882 ஜூலையில் பிரிட்டிஷ் பீரங்கிகள் நகரத்தைத் தகர்த்தன. அதையும் தாங்கி எழுந்தது. இந்நகரத்தின் பெருங்கவி கவாஃபி, கிரேக்கத்தில் எழுதியவர், முப்பது ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்தது பாசனத் துறை அலுவலகத்தில். பழைய அலெக்சாண்டிரியாவைக் கவிதையில் எழுப்பிக்கொண்டே பகலெல்லாம் வாய்க்கால் கோப்புகளைப் புரட்டியிருக்கிறார். 1956 ஜூலை 26 அன்று நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதை அறிவித்ததும் இந்த ஊரின் சதுக்கத்தில் நின்றுதான். அதன்பின் அயல்நாட்டார் பெரும்பாலோர் வெளியேறினார்கள்.

இன்று ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள். ஆகஸ்டில் பகல்வெப்பம் 30 டிகிரியை ஒட்டியும், சனவரியில் 18ஐ ஒட்டியும் இருக்கும். இளவேனிலில் பாலைவனத்திலிருந்து கம்சின் என்னும் வெப்பக்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். குளிர்காலப் புயல்களை நவ்வா என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நாளும் பெயரும் உண்டு. நவம்பர் நடுவில் வருவது 'துடைப்பம்', அல்-மக்னாசா. சனவரி 19 வாக்கில் வருவது கித்தாஸ், காப்டிக் கிறித்தவரின் திருமுழுக்கு விழாவை ஒட்டியது. பிப்ரவரியில் 'சின்னச் சூரியன்'. மீனவர்கள் இந்த நாள்களைப் பார்த்துத்தான் படகு இறக்குகிறார்கள். மழை வரும்போது மொத்தமாக வருகிறது. 2015 அக்டோபர் 25 மழையில் தெருக்கள் ஆறாகி உயிர்கள் போயின, ஆளுநர் பதவி விலகினார்.

மரியூத் ஏரியின் மட்டம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் கீழே இருக்கிறது. மெக்ஸ் என்னுமிடத்தில் பம்புகள் ஓயாமல் நீரை இறைத்துக் கடலில் விடுகின்றன. நிலத்தடியில் உப்புநீர் ஏறிப் பழைய கட்டடங்களின் அடித்தளத்தை அரிக்கிறது. 1900இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் வெளிப்பட்ட கோம் அல்-ஷுகாஃபா நிலவறைக் கல்லறைகள் நீரில் மூழ்கிக் கிடந்தன. 2019இல்தான் அங்கே நிலத்தடி நீரை இறக்கும் வேலை முடிந்தது. கடற்கரைச் சாலையோரம் அலைதடுக்கக் கான்கிரீட் பாளங்கள் வரிசையாகக் கிடக்கின்றன.

மஹ்மூதியா கால்வாயின் நகரப் பகுதி நாளடைவில் குப்பையும் சாக்கடையுமாகிவிட்டது. அதைக் குழாய்க்குள் அடக்கி, மேலே அகலச் சாலை போட்டு 2020இல் திறந்தார்கள். சாலைக்கும் மஹ்மூதியா என்றே பெயர். கையால் மண் அள்ளியவர்களின் கரைமேல் கார்கள் போகின்றன, அடியில் நைல் நீர் போகிறது.

(தொடரும்)